ஒரு தலைமுறைக்கு ஒரு ஓட்டு

எங்க வீட்ல ஜனநாயகம் கொஞ்சம் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை மீனா கோழியான்னு ஓட்டு. டிவி ஹால்ல இருக்கணுமா ரூம்ல இருக்கணுமான்னு ஓட்டு. மாடித் தண்ணித் தொட்டியை யார் கழுவறதுன்னுகூட ஒரு தடவ ஓட்டு நடந்து, அந்த நேரம் பார்த்து வீட்லயே இல்லாத என் வீட்டுக்காரரு ஏகமனதா ஜெயிச்சாரு. எல்லாம் எங்க மாமா பண்ண ஏற்பாடு. மாமான்னா என் வீட்டுக்காரரோட அண்ணன். சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில தொழிற்சங்கச் செயலாளரா இருந்து ரிட்டையர் ஆனவரு. கம்பெனி கேட்டோட நின்னிருக்க வேண்டிய பேச்சு, மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டுக்குள்ள வந்து பாய் போட்டு உக்காந்துருச்சு.

ஓட்டு நடக்கறது ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுல. அப்பதான் எல்லாரும் ஹால்ல வரிசையா உக்காருவோம். சோத்துக்கை எச்சக்கையா இருக்குமில்ல, அதனால இடது கையைத்தான் தூக்கணும். இது சட்டம். மாமா எண்ணுவாரு, முடிவு சொல்லுவாரு, அக்கா ரசச் சட்டியோட வருவாங்க, ரசத்தோட சபை கலையும். தலைவரும் மாமாதான், தேர்தல் அதிகாரியும் மாமாதான், ஓட்டு எண்றதும் மாமாதான். தலைவர் பதவிக்கு மட்டும் தேர்தல் கிடையாது. கேட்டா, "அமைப்புன்னா ஒரு ஸ்திரத்தன்மை வேணும்மா" ம்பாரு.

மொத்தம் ஆறு ஓட்டு. மாமா. மாமாவோட சம்சாரம், அதாவது எனக்கு ஓர்ப்படி, நான் அக்கான்னுதான் கூப்புடுவேன். அவுங்க பையன் ஸ்காட்லாந்துல வேலை பாக்கறான், அவன் வீடியோ கால்ல கை தூக்குவான், போனைத் தண்ணிச் சொம்புல சாய்ச்சு வெச்சிருப்போம், அதுக்குத் தபால் ஓட்டுன்னு பேரு. அப்புறம் நான், காலேஜ் படிக்கிற என் பொண்ணு, என் வீட்டுக்காரரு. இவரு ஓட்டை ஓட்டுன்னு சொல்றதே தப்பு. கழுவுற மீன்ல நழுவுற மீன். எந்தப் பிரச்சினை வந்தாலும் "நான் நடுநிலை"ன்னு அப்பளத்தை உடைப்பாரு.

நான் சிதம்பரத்துல ஒரு ஸ்கூல்ல சோசியல் டீச்சர். குடிமையியல் பாடம் நடத்தறவ, அதாவது ஓட்டுரிமையோட அருமை பெருமையைப் பசங்களுக்கு எடுத்துச் சொல்லறவ. கல்யாணம் ஆன நாளா கடலூர்லேருந்து சிதம்பரம் பஸ்லதான் என் வாழ்க்கை. விடியறதுக்குள்ள எழுந்து, ஆளுக்கொரு டிபன் டப்பா கட்டி வெச்சுட்டு பஸ்ஸைப் பிடிக்கணும். முதுநகர் தாண்டினா கருவாட்டு வாசனை, சிப்காட் வந்தா ஒரு நாத்தம், முந்தானையை மூக்குல வெச்சா ஆலப்பாக்கத்துலதான் எடுக்கணும். டிரைவர் போடற பாட்டு காதைக் கிழிக்கும். சாயங்காலம் அதே ரூட்டு, அதே நாத்தம். வீடு திரும்பினா மறுபடியும் அடுப்படி. எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்கூல்லேருந்து நடந்து போற தூரத்துல ஒரு சின்ன வீடு. நானே பூட்டி நானே தொறக்கிற ஒரு கதவு. வெண்டைக்காயா கத்திரிக்காயான்னு யாரையும் கை தூக்கச் சொல்லாம நானே முடிவு பண்ற ஒரு அடுப்பு.

போன வருஷம் தைப்பொங்கல் முடிஞ்சு சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால ஒரு வீடு வாடகைக்கு வந்துது. நான் வாயைத் தொறந்து வீட்ல சொன்னேன். நான் சொன்ன வார்த்தை தனிக்குடித்தனம். மாமா காதுல அது பிரிவினைன்னு போய் விழுந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல எழுந்து நின்னே பேசினாரு. இந்தக் குடும்பத்தைக் கட்டிக் காப்பாத்த அவரு செஞ்ச தியாகம், எங்கப்பனுங்க கட்டின வீடு, ஒத்துமையா இருந்தாத்தான் பலம், ஒத்தக் குச்சியை ஒடிக்கலாம் கட்டுக் குச்சியை ஒடிக்க முடியுமா. குச்சி ஒடியுதோ இல்லையோ, என் முதுகு ஒடியுதுன்னு சொன்னேன். "உணர்ச்சிவசப்படாத டீச்சர், ஜனநாயக முறைப்படி பாத்துக்கலாம்" ன்னாரு.

பாத்துக்கிட்டோம். நானும் என் பொண்ணும் கையைத் தூக்கினோம். என் வீட்டுக்காரரு அப்பளத்தை உடைச்சாரு. "எதிர்த்து, நான் ஒண்ணு, உங்க அக்கா ரெண்டு" ன்னு எண்ணிட்டு மாமா சொம்பைப் பாத்தாரு. சொம்புல சாய்ஞ்சிருந்த பையன் அங்க தூக்கக் கலக்கத்துல கையைத் தூக்கினான். மூணு. ரெண்டுக்கு மூணு, நான் தோத்தேன்.

அதோட விட்டாரா மனுஷன்? அக்கா ரசத்தை ஊத்த ஊத்தத் தீர்ப்பு சொன்னாரு. "இதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது. இந்த மாதிரி ஓட்டெல்லாம் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவதான்."

"தலைமுறைன்னா எத்தினி வருஷம் மாமா?" ன்னு கேட்டேன்.

"அதை நேரம் வரும்போது சொல்றேன்" ன்னாரு.

அந்த வீட்டுக்கு ஒரு பேங்க் ஆபீசர் குடி வந்துட்டாரு. நான் தெனம் அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போவேன். அவரு வாசல்ல ரோஜாத் தொட்டி எல்லாம் வெச்சிருந்தாரு. எனக்கு வயிறெரிஞ்சுது, சும்மா சொல்லக் கூடாது.

இந்தத் தடவ சித்திரை பொறந்துச்சு. வருஷப் பொறப்பு அன்னைக்கு எங்க வீட்ல அடுப்படிச் செயலாளர் தேர்தல் நடக்கும். சிரிக்காதீங்க, அப்படி ஒரு பதவி நெஜமாவே உண்டு. என்ன சமைக்கணும், விருந்தாளி வந்தா என்ன பண்ணணும், யாருக்கு என்ன வேலை, எல்லாம் அவுங்கதான் முடிவு பண்ணணும். வருஷா வருஷம் அக்காதான் போட்டியின்றித் தேர்வு. போட்டியின்றின்னா என்ன அர்த்தம்? அந்த வேலைக்கு வேற யாரும் வரமாட்டாங்கன்னு அர்த்தம். இந்த வருஷம் அக்கா, "என்னால முடியல, முட்டி வலிக்குது, யாராவது பாருங்க" ன்னுட்டாங்க. நான் நிக்கறேன்னேன். உடனே மாமாவும் நிக்கறேன்னாரு. சுடுதண்ணியைத் தவிர வேற ஒண்ணும் அடுப்புல வெச்சறியாத மனுஷன்!

நான் சும்மா நிக்கல, தேர்தல் அறிக்கையோட நின்னேன். பாயாசத்துக்கு முன்னாடி வாயாலயே சொன்னேன். ஒண்ணு, இட்லி மாவு இனிமே கடையில வாங்கலாம். ரெண்டு, வாரத்துல ஒரு நாள் வஞ்சிர மீன் கொழம்பு. மூணு, ஞாயித்துக்கிழமை யாரும் பரிமாற வேணாம், பாத்திரத்தை நடுவுல வெச்சுட்டு அவுங்கவுங்க போட்டுக்கணும். இந்த மூணாவதை நான் சோம்பேறித்தனத்துலதான் சேர்த்தேன், பதவிக்கு வந்தா நானில்ல நின்னு பரிமாறணும். நாலு, தனிக்குடித்தனத்துக்கு மறு ஓட்டு.

நாலுக்கு ரெண்டுல நான் ஜெயிச்சேன். எனக்கு நான், என் பொண்ணு, அதிசயமா என் வீட்டுக்காரரு, அப்புறம் சொம்புல இருந்த பையன். "சித்தி ஜெயிச்சா எங்க அம்மா கொஞ்சம் ரெஸ்ட் எடுப்பாங்க" ன்னு சொல்லிட்டே கையைத் தூக்கினான். மாமாவுக்கு அவரு ஒண்ணு, அக்கா ரெண்டு. அக்கா பாயாசக் குண்டானோட நின்னுட்டிருந்தாங்க.

மறுநாளே நான் நாலாவது அம்சத்தைக் கையில எடுத்தேன். மாமா பேப்பரைக்கூட மடிக்கல.

"நீ எதுல ஜெயிச்ச? அடுப்படியில ஜெயிச்ச. அதுக்கும் பிரிவினைக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லிட்டுத்தானே மாமா நின்னேன்? நாலாவது அம்சம்."

"உனக்கு விழுந்தது எல்லாம் மீன் கொழம்புக்கும் கடை மாவுக்கும் விழுந்த ஓட்டு. நாலாவதுக்காக யாராவது போட்டாங்களா? கேளு. உன் புருஷனையே கேளு."

கேட்டேன். என் வீட்டுக்காரரு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே, "நான் மீனுக்குத்தான் போட்டேன்" ன்னுட்டு செருப்பை மாட்டிக்கிட்டாரு. தாலி கட்டின மகராசன்! வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பக்கம் சாஞ்சு பேசினாரு, அதுவும் எந்தப் பக்கம்னு பாருங்க.

அன்னையிலேருந்து மாமா ஞாயித்துக்கிழமை ஓட்டையே நிறுத்திட்டாரு. தோத்த கோவம். ஆனா மீன் கொழம்புல கோவம் இல்ல, ரெண்டு தடவ போட்டுக்கிட்டாரு. தானே போட்டுக்கிட்டாருங்கறது வேற விஷயம்.

பையன் போன் பண்ணப்ப நியாயம் கேட்டேன். அவன் சிரிச்சான். "சித்தி, நம்ம வீட்டுச் சண்டை இங்க நாடு முழுக்க நடக்குது. பிரிஞ்சு தனி நாடா போலாமான்னு ஏற்கெனவே ஒரு ஓட்டு வெச்சு, வேணாம்னு முடிவாச்சு. அப்புறம் தேர்தல்ல, பிரியணும்னு சொல்ற கட்சி ஜெயிச்சுது. ஜனங்க எங்களைத்தானே தேர்ந்தெடுத்தாங்க, அதனால இன்னொரு ஓட்டு வைங்கன்னு அவுங்க கேக்கறாங்க. ஜனங்க ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான் ஓட்டுப் போட்டாங்க, பிரியறதுக்கு இல்லன்னு வேணாங்கறவங்க சொல்றாங்க. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவங்கற வசனமும் இங்க உண்டு."

"அடப்பாவி, அங்க யாரு உங்கப்பா?" ன்னு கேட்டேன்.

"லண்டன்ல இருக்கற சர்க்கார். அவுங்க சரின்னு சொன்னாத்தான் ஓட்டே நடக்கும்."

நல்லா இருக்கே நியாயம்! உன்னை விட்டுப் போலாமான்னு எங்களுக்குள்ள கேட்டுக்கறதுக்கும் உன்கிட்டயே பர்மிஷன் வாங்கணும். உலகம் பூராவும் மாமாங்கதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒண்ணு ஒத்துக்கறேன். மாமா சொன்னதுல துளி நியாயம் இல்லாம இல்ல. மீனுக்குக் கை தூக்கினவனை, நீ வீட்டை விட்டுப் போறதுக்கும் சேர்த்துத்தான் தூக்கினேன்னு சொன்னா எப்படி? பஸ்ல நானே எனக்குள்ள எதிர்க்கட்சியா பேசிப் பாத்தேன், புதுச்சத்திரம் வரைக்கும் எனக்கே பதில் கிடைக்கல. ஆனா அதே நேரம், எதுல ஜெயிச்சா கேக்கலாம்னு ஒரு கணக்கு வேணுமில்ல? எதுல ஜெயிச்சாலும் கேக்கக் கூடாதுன்னா அதுக்குப் பேரு ஓட்டு இல்ல, பூட்டு.

ஆனி மாசம் எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் என்னை ஓரமா கூப்பிட்டாங்க. லால்பேட்டை முஸ்லிம் குடும்பத்துக்காரங்க, சிதம்பரத்துல சொந்தமா வீடு கட்டியிருக்காங்க. மாடி போர்ஷன் காலியாச்சாம். "எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான் ஆவணியும் ஒண்ணுதான் டீச்சர். ஆனா குடி வர்றவங்க ஆடியில பால் காய்ச்ச மாட்டாங்களே. அதனால ஆடி முடியற வரைக்கும் வீடு சும்மாத்தான் கெடக்கும். ஆவணி பொறந்தா ஆளுங்க வந்து நிப்பாங்க. அதுக்குள்ள சொல்லிடுங்க" ன்னாங்க. சாயங்காலம் போய்ப் பாத்தேன். சின்ன வீடுதான். அடுப்படி ஜன்னலைத் தொறந்தா ஒரு முருங்கை மரம், காத்து பிச்சுக்கிட்டு வந்துது. அந்த அடுப்பு மேடையில கையை வெச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அவுங்க பாக்காத மாதிரி கீழ எறங்கிப் போனாங்க.

அப்புறம் தெனமும் ஸ்டாஃப் ரூம்ல, "என்ன டீச்சர், உங்க வீட்டுப் பார்லிமெண்ட் கூடிச்சா?" ம்பாங்க. கூடலைன்னுவேன். "இன்ஷா அல்லா, உங்களுக்கு மெஜாரிட்டி கெடைக்கறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆகாம இருக்கணும்."

ஆடி பாதி போயிருச்சு. நான் காலையில கேட்டேன், சாயங்காலம் கேட்டேன், மாமா டிவி பாக்கறப்ப நடுவுல நின்னு கேட்டேன். என் பொண்ணு ஒரு படி மேல போயி, "பெரியப்பா, கம்பெனியில சம்பள உயர்வு கேட்டு ஒரு தடவ தோத்துட்டா அடுத்த தலைமுறை வந்துதான் கேப்பீங்களா?" ன்னு கேட்டுட்டா. அது எங்கயோ குத்திருச்சு போல. மனுஷன் ரெண்டு நாளு மொறச்சுக்கிட்டே திரிஞ்சாரு. மூணாம் நாளு, "சரி, வெச்சுடலாம். ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை. நான் ஒண்ணும் பயந்தவன் இல்ல. என்கிட்ட மூணு ஓட்டு இருக்கு, உன்கிட்ட ரெண்டு. எத்தினி தடவ வெச்சாலும் அதேதான்" ன்னாரு.

கணக்கு சரிதான். எனக்கே தெரியும், தோக்கப் போறேன்னு. நடுநிலை மனுஷனை ராத்திரியெல்லாம் கெஞ்சிப் பாத்தேன். "அண்ணனுக்கும் உனக்கும் நடுவுல நான் என்னத்தை சொல்ல" ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவரு கையைத் தூக்கினாலும் மூணுக்கு மூணுதான், சமமா வந்தா மாமா இன்னொரு கையையும் தூக்கிக்குவாரு. என் வீட்டுக்காரரு வேலை பாக்கற கம்பெனி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல இருக்குது, மனுஷனும் அப்படியே நடுவுல.

அந்த ஞாயித்துக்கிழமையும் வந்துது. வஞ்சிரம் வாங்கிட்டு வந்து நானே கொழம்பு வெச்சேன். தோக்கற தேர்தலா இருந்தாலும் செலவு பண்ணித்தானே ஆகணும்? சட்டப்படி பாத்திரம் எல்லாம் நடுவுல. சித்திரையிலேருந்து பழகிப்போச்சு, அக்காவும் எங்களோடவே தட்டுப் போட்டு உக்காந்துக்குவாங்க. அன்னைக்கு எனக்குப் பக்கத்துல முட்டியை நீட்டி உக்காந்திருந்தாங்க. போன் சொம்புல சாய்ஞ்சிருந்துது.

மாமா தொண்டையைக் கனைச்சாரு. "எதிர்த்து, நான் ஒண்ணு, உங்க அக்கா ரெண்டு..."

"பெரியப்பா, கையைத் தூக்கச் சொல்லிட்டு எண்ணுங்க" ன்னா என் பொண்ணு.

"சரிம்மா, சரி. பிரிஞ்சு போகலாங்கறவங்க முதல்ல தூக்குங்க."

நான் தூக்கினேன். என் பொண்ணு தூக்கினா. பக்கத்துல வளையல் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா, அக்கா. இடது கை. நல்லா நேரா, மாமா கண்ணுக்குத் தெரியற மாதிரி.

மாமாவுக்குப் புரியல. "என்ன, ரசம் வேணுமா?"

"ரசம் இங்கதான் இருக்கு. நான் ஓட்டுப் போடறேன்."

"நீ என்ன ஓட்டு... போன தடவ நீ எதிர்த்துத்தானே போட்ட?"

"போன தடவ என்னை யாரு கேட்டது? என் ரெண்டு கையிலயும் ரசச் சட்டி இருந்துது. எந்தக் கையைத் தூக்கச் சொல்றீங்க?"

கல்யாணம் ஆன நாளா எத்தினி ஓட்டு நடந்திருக்கு இந்த ஹால்ல! மீனு, கோழி, டிவி, தண்ணித் தொட்டி. ஒண்ணுலயாவது இந்தக் கை மேல போய் யாராவது பாத்திருக்கோமா? நின்னு பரிமாறிக்கிட்டே இருந்த மனுஷியை, புருஷன் ஓட்டோட சேர்த்துக் கட்டி ரெண்டு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கோம். பசங்களுக்கு ஓட்டுரிமையை மூச்சுப் பிடிச்சு நடத்தற டீச்சர் ஒருத்தியும் அதே பந்தியில உக்காந்து ரசம் ஊத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கா. ஜெயிச்சதால மறு ஓட்டு கேக்கலாமா கூடாதான்னு மாசக் கணக்குல மண்டையை ஒடைச்சுக்கிட்டோமே, முதல் ஓட்டே ஒழுங்கா நடக்கல.

போன்ல பையன், "அம்மா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நான்" னு கையைத் தூக்கினான். நாலு. நாலுன்னு ஆனதும், ஜெயிக்கற பக்கம் நிச்சயமா தெரிஞ்சதுக்கப்புறம், என் வீட்டுக்காரரு அப்பளத்தைக் கீழ வெச்சுட்டு மெதுவா கையைத் தூக்கினாரு பாருங்க, அந்த வீரத்தை என்னன்னு சொல்றது!

மாமா மொகம் சுண்டிப் போச்சு. "இது செல்லாது. யாரோ சொல்லிக் கொடுத்துருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மறு ஓட்டு."

"பெரியப்பா, ஒரு தலைமுறைக்கு ஒரு தடவதான்" னு என் பொண்ணு தட்டை எடுத்துக்கிட்டு எழுந்துட்டா.

ஆவணி முதல் முகூர்த்தத்துல சிதம்பரத்துல பால் காய்ச்சினோம். மாமா வந்து, அடுப்பு ஈசானியத்துல இருக்குது ஆகாதுன்னு ஒரு குறை சொல்லிட்டு, ரெண்டு டம்ளர் பால் குடிச்சுட்டுத்தான் போனாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா தனியா பஸ் ஏறி வந்தாங்க, ஒரு பை நெறைய மாங்கா ஊறுகாயோட. உக்கார வெச்சு எலை போட்டேன். கை பழக்கத்துல எழுந்து கரண்டியை எடுக்கப் போனாங்க. பிடுங்கிக்கிட்டேன்.

எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துது, கேட்டுட்டேன். "ஏன்க்கா எனக்குப் போட்ட? நான் வந்துட்டா அந்த அடுப்படியில நீ தனியா இல்ல நிக்கணும்?"

அக்காவுக்கு ஒரு கோவமும் இல்ல. கொழம்பைச் சோத்துல பெசஞ்சுக்கிட்டே சொன்னாங்க.

"நீ இருந்தப்பயும் நான் தனியாத்தாண்டி நின்னேன். இன்னொரு துண்டு மீன் போடு."